அடுக்களைக் கதவைச் சாத்திப் பொரித்த கணவாய்

மச்சான்,

காலையில் மீன்காரர் வண்டியை வாசலில் நிறுத்தி, "அக்கா, கணவா வந்திருக்கு, நல்ல வெள்ளையா" என்றார். நீங்கள் இருந்தவரை நான் அந்தக் கணவாப் பெட்டியை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இன்று வாங்கினேன். பிள்ளை உண்டாகி வந்திருக்கும் நம் மகள், "வாப்பா பொரிக்குத கணவாதான் வேணும்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கழுவும்போதே அந்தக் கடல் வாடை உங்களைக் கொண்டுவந்து அடுக்களையில் நிறுத்திவிட்டது. நின்றதும் நின்றீர்கள், பதில் சொல்லுங்கள். யார் உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?

என் பிறந்த வீட்டில் மீனைத் தவிர வேறு எந்தக் கடல் உயிரும் சட்டி ஏறாது. எங்கள் பக்கத்து மார்க்க வழக்கம் அப்படி. கடற்கரைக் குலசைக்காரரான உங்கள் வழக்கத்தில் எல்லாம் ஆகும். அதனால்தான் தனிச் சட்டி வைத்துக்கொண்டீர்கள், சரி. ஆனால் பேட்டை வெல்டிங் பட்டறைக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில், மாவு பிசைந்ததும் கதவை ஏன் சாத்தினீர்கள்? நான் எட்டிப் பார்த்தால், "ஏ புள்ள, அங்கனயே நில்லு, உள்ள வராத!" என்று ஒரு சத்தம். அப்படி என்ன பொடியைத் தூவினீர்கள், நான் பார்க்கக் கூடாதபடி?

உங்கள் தங்கையிடமும் கேட்டுவிட்டேன். "எனக்கு என்ன மைனி தெரியும்? சவூதிக்குப் போறதுக்கு முன்ன காக்காவுக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாதே" என்று அண்ணன் கதையைச் சொன்னாள். அன்று எனக்குத் தூக்கம் போயிற்று. அப்படியென்றால் நீங்கள் வேலை பார்த்த அந்த ஊரில் சமைத்துக் காட்டியது யார்? வெள்ளிக்கிழமைதோறும் கதவுக்குப் பின்னால் நீங்கள் யாரை நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? சிரிக்காதீர்கள். "நீ போலீசுல சேந்திருக்கணும்" என்று சொல்லியே இருபது கேள்விகளிலிருந்து தப்பித்தவர் நீங்கள்.

நீங்கள் போன பிறகு ஒருமுறை, மீன் ஏலம் விடும் கூறியான் வீட்டுக்காரி சொன்னபடி சிறுதீயில் வெகுநேரம் வைத்துச் செய்து பார்த்தேன். செருப்பைக் கடித்த மாதிரி இருந்தது. பொடி விஷயம் உறுதி என்று முடிவு கட்டினேன்.

இன்று வளையம் வளையமாக நறுக்கி, மிளகாய்த்தூளும் அரிசி மாவும் பிசறி, எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் போட்டேன். டப்பென்று வெடித்தது. முழங்கைவரை எண்ணெய் தெறித்தது. என் அலறல் கேட்டு மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அங்கனயே நில்லு, உள்ள வராத!" என்று கத்தி, காலால் கதவைத் தள்ளிச் சாத்தினேன்.

சாத்திய பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது யாருடைய பேச்சு என்று உறைத்தது. கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் முன்னங்கையில் இருந்த கருப்புப் புள்ளிகளை நான் கேட்டபோதெல்லாம் வெல்டிங் பொறி என்றீர்களே, மச்சான். பாவி மனுஷா, சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

மறுபடி வெடிக்குமோ என்ற பயத்தில் சட்டென்று அரித்து எடுத்தேன். அந்த அவசரம்தான் பக்குவம் போல. மகள் கடித்தபோது அடுத்த அறைவரை மொறுமொறு கேட்டது. "வாப்பா செஞ்ச மாதிரியே இருக்கு" என்று அழுதுகொண்டே தின்றாள். நான் தின்னவில்லை. எரிச்சலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கையில் நாலைந்து கொப்புளங்கள். காய்ந்தால் உங்களுடையதைப் போலவே கருத்துவிடும், இருக்கட்டும். கதவு வழக்கில் உங்களை விட்டுவிட்டேன். சவூதியில் சொல்லிக் கொடுத்தது யார் என்பது மட்டும் பாக்கி. மறுமையில் சலாம் சொல்லி முடித்ததும் முதலில் அதைத்தான் கேட்பேன். பதிலை யோசித்து வையுங்கள்.