ரேடியோ நின்ற பிறகு

என் தங்கத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்தான், என் தலைதான் நலமில்லை. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முட்டி வலி தேவலை, நடக்கச் சொன்னால் மட்டும் நாற்காலியைத் தேடுகிறார்.

உன்னிடம்தான் கேட்க வேண்டும், நீதானே ஆட்களை வைத்து வேலை வாங்குகிறாய். எங்கள் தையல் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார் என்றேனே, நல்ல மனுஷர்தான், குரலே உயர்த்தமாட்டார். கட்டிங், தையல், நான் இருக்கிற செக்கிங், மூன்றுக்கும் தனித்தனி டீ நேரம் வைத்தார், எல்லாரும் ஒன்றாக எழுந்தால் வேலை கெடுகிறதாம். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அதிலிருந்து என் மேஜையில் கோணல் காலராகக் குவிகிறது. அதே ஆட்கள், அதே மிஷின், என்னடா இது கூத்து என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்புறம்தான் கட்டிங் மாஸ்டர் ஞாபகம் வந்தது. வாய் ஓயாத ஆள், ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். டீ குடிக்கும்போது ஊர் வம்போடு சேர்த்து, இன்னைக்கு வந்த துணி இழுத்தா நீளுதும்மா, காலரைப் பிடிச்சு இழுக்காதீங்க என்றும் சொல்லிவிடுவான். இப்போது அவன் டீ குடிக்கையில் தையல்காரிகள் மிஷினில் இருக்கிறார்கள், யாரிடம் சொல்வான்?

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு எதனால் கெடுகிறது என்றார். நான் பாவி, ரேடியோ நின்னு போச்சு சார், அதான் என்றேன். யார் அது என்றார், கட்டிங் மாஸ்டர் என்றேன். தலையாட்டினார், புரிந்துவிட்டது என்று சந்தோஷமாக வந்துவிட்டேன். மறுநாள் அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்! வேலை ஒழுங்காகச் செய்வதில்லை என்று செக்கிங்கிலிருந்தே புகாராம். ஐயோ, நான் சொன்னது ஒன்று, அவர் காதில் விழுந்தது ஒன்று. விளக்கப் போனால், உங்கள் சூப்பர்வைசர் வழியாக வாருங்கள் என்கிறார்கள். சூப்பர்வைசரோ, கட்டிங் என் பிரிவு இல்லையே என்கிறார். நான் எந்தக் கதவைத் தட்டுவது?

கம்பெனி கேட்டில் அவனைப் பார்த்தேன். திட்டித் தீர்ப்பான் என்று நின்றேன். நீங்களாக்கா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டான். தப்பு டீ நேரத்திலா, மேனேஜரிடமா, என் வாயிலா, ஒன்றும் பிடிபடவில்லை. நாளைக் காலையில் அவனைக் கையோடு அழைத்துக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போகப்போகிறேன், என்னையும் சேர்த்து அனுப்பினால் அனுப்பட்டும். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவனே பேசட்டும்.

இருவரும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடு. உன் ஆபீசில் என்னைப் போல ஒருத்தி வந்து உளறினால், தலையாட்டிவிடாதே தாயே, இன்னொரு தரம் கேள்.

தவித்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா