மைனஸ் எடை

செவ்வாய், 2

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. குழாயில் தண்ணீர் இல்லை, ஆறாவது நாள்.

முடி வெட்ட. காஸ் பதிய. 2.4.1 வெளியிட.

கடைசி மட்டும் முடிந்தது. 2.4.1 என்பது என் லைப்ரரியின் புதுப் பதிப்பு; எலக்ட்ரானிக் தராசு காட்டும் எடையைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கித் தரும், மற்றவர்கள் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும் கோடு. காலேஜில் எழுதி இலவசமாகப் பொதுவில் வைத்தது. யார் யாரோ உபயோகிக்கிறார்கள். இந்தத் தடவை இரண்டு திருத்தம். தராசு நனைந்தால் புரோகிராம் உறைந்துபோவதைச் சரிசெய்தேன். எடை மைனஸில் வந்தால் இனி பிழை என்று சொல்லி நிற்கும். எடை எப்படி மைனஸில் வரும்? குப்பை. டெஸ்ட் எல்லாம் பாஸ்.

புதன், 3

புகார். அருள்மேரி என்று ஒருவர். பூ மார்க்கெட்டில் நாலு கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடைசி எண்தானே மாறியிருக்கிறது, எதுவும் உடையாது என்று நம்பி, புதுசைத் தானாக ஏற விட்டிருக்கிறார். காலையிலிருந்து நாலு கடையும் நின்றுவிட்டதாம். மைனஸ் வேண்டுமாம்.

தராசை ஒழுங்காக உபயோகிக்கச் சொல்லுங்கள் என்று எழுதிப் புகாரை மூடினேன்.

அஞ்சே நிமிஷத்தில் பதில்: “நீங்களும் திண்டுக்கல்தானே? காலைல ஆறு மணிக்கு வந்து பாருங்க. அப்பறம் மூடுங்க.”

திமிர். யாருக்கு என்று தெரியவில்லை.

வியாழன், 4

போனேன். அந்த நாலில் ஒன்று, சின்னப்பன் அண்ணன் கடை. மல்லிகைக் கூடையை முழுசாகத் தராசில் வைத்து, பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்குகிறார். கூடையிலிருந்து அள்ளி நேராக வாங்க வந்தவர் கவரில் போடுகிறார். தராசில் மைனஸ் 250. அதுதான் விற்ற எடை. மார்க்கெட் முழுக்க இப்படித்தான்.

“தட்டுல கொட்டி அள்ளி, திரும்பக் கவர்ல கொட்டி... அம்புட்டுக் கை பட்டா மல்லி கறுத்துரும் தம்பி.”

அருள்மேரியும் அங்கேதான் நின்றார்.

முந்தைய 2.4.0-க்கே திரும்பலாமே என்று அவரிடம் கேட்டேன். பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற இடம், பழையது தினமும் உறைகிறது, அந்தத் திருத்தமும் 2.4.1-இல்தானே இருக்கிறது என்றார். நல்லதையும் கெட்டதையும் ஒரே பொட்டலமாகக் கட்டியது நான்.

நாளைக்கு முகூர்த்தம். இன்று மத்தியானத்துக்குள் ஓடவில்லை என்றால் எல்லாத்தையும் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார் சின்னப்பன். அவர் ஒருத்தர் சொன்னால் மற்ற கடைகளும் சொல்லும். இந்த நாலு கடையைப் பிடிக்க ஒரு வருஷம் நடந்திருக்கிறார் அருள்மேரி. என்னை யாரென்று அண்ணன் கேட்டதற்கு, “சரிபண்ண வந்திருக்காரு” என்று மட்டும் சொன்னார்.

“கெடுத்ததும் நான்தாண்ணே” என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து வேலை. மைனஸ் பழையபடி. உறையாத திருத்தம் அப்படியே. மைனஸைப் பிழையாக்கும் கண்டிப்பு வேண்டுகிறவர்களுக்கு, பின்னால் வரும் 3.0-இல் தனியாக. புது டெஸ்ட் ஒன்று: முழுக் கூடை, பூஜ்யம், ஒரு கை பூ. 11.20-க்கு 2.4.2. மூடிய புகாரைத் திறந்து மன்னிப்பு எழுதினேன். இரண்டு வரி. நாலு தடவை அழித்து எழுதியது.

மூன்று கடை ஓடியது.

வெள்ளி, 5

நாலாவது, ராஜேஸ்வரி அக்கா கடை. நேற்றே வயரைப் பிடுங்கி மேஜைக்கு அடியில் போட்டுவிட்டார். அருள்மேரி போய்ப் பேசியும் நடக்கவில்லை. ஆட்கள் முன்னால் கைகட்டி நிற்க வைத்த மெஷின் இனி வேண்டாமாம்.

நானும் வருகிறேன் என்றேன். முகூர்த்தக் கூட்டம், நெரிசல். தப்பு என்னுடையது, இந்தப் பெண் எதுவும் செய்யவில்லை என்று சொன்னேன். அக்கா நிமிரவே இல்லை.

“யாவாரம் முடியட்டும். ஓரமா நில்லுங்க.”

ஒன்பதே கால் வரை நின்றோம். கூடை காலி. கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து வயரை எடுத்தார். அருள்மேரி கை நீட்ட, என்னிடம் கொடுத்தார்.

“இவரே மாட்டட்டும். நீ பக்கத்துல நின்னு பாத்துக்க தாயி.”