என் கல்யாணத்துக்கு வந்த தண்ணீர் லாரி

அன்புள்ள மாமா,

'அன்புள்ள' என்று எழுதக் கை கூசுகிறது. பெண் கொடுத்தவர் என்பதால் எழுதிவிட்டேன். இன்று ஆலையில் உங்கள் படத்தைத் திறந்து வைத்தார்கள். மேனேஜர் அழுதார். நான் மாலை போடவில்லை.

புதுத் துறைமுகத்தில் நிலக்கரி வந்து குவிகிறது. அதை வாயுவாக்க வேண்டிய நீங்கள் முன்னின்று கட்டிய உலை மட்டும் அணைந்தே கிடக்கிறது. உள்ளே சூடு தாங்கப் பூசிய தீக்காரை பாளம் பாளமாக விழுந்து, வெளித்தகடு சிவந்து, வாயு கசிந்ததே, அதற்கு யார் காரணம் என்று நாளை விசாரணை. கொத்தனார் சூசை கலவையைக் கெடுத்துவிட்டான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நீங்கள் கண்ணை மூடினீர்கள். அவருக்கு அன்றே வேலை போனது. இந்த ஊரில் வேறு எந்த ஆலையும் இப்போது அவரைச் சேர்ப்பதில்லை.

விழுந்த பாளத்தைப் புரட்டிப் பார்த்தேன். காரையைத் தகட்டோடு பிடித்து வைக்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கிகள் முறுக்குப் போல் நொறுங்கியிருந்தன. தகட்டை ஒட்டியிருந்த பக்கத்தைச் சுரண்டி நாக்கில் வைத்தேன். கரித்தது. உப்புத் தண்ணீரில் குழைத்தால் கொக்கியை அரித்துவிடும் என்று உங்களுக்குத் தெரியாதா?

நீங்கள் இருந்தபோதே உங்களிடம் கேட்டேன். சிரித்தீர்கள். "கடல்ல கப்பலே நிக்குது, ரெண்டு கொக்கி நிக்காதா மாப்ள?" என்றீர்கள். மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டேன்.

நீங்கள் போனபின் சூசையைப் பார்க்கத் தருவைகுளம் போனேன். தன் மச்சானின் மீன்வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல தண்ணி லாரி வரல சார். ஐயா உப்புக் கிணத்துத் தண்ணிய ஊத்திக் குழைன்னு சொன்னாக. குழைச்சேன்."

லாரி எங்கே போயிற்று என்றேன்.

"உங்க கல்யாண வீட்டுக்கு."

இதை விசாரணையில் சொல்லுங்கள் என்றேன். "செத்தவுகள எப்படி சார் குத்தம் சொல்ல?" என்றார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

பூச்சு நடந்த அந்த வாரம் நான் லீவில் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். தூத்துக்குடியே குடத்தோடு அலைந்த கோடையில், உங்கள் வீட்டில் மட்டும் அண்டா அண்டாவாக நல்ல தண்ணீர். "மாமனார் கெட்டிக்காரர்" என்று என் சித்தப்பா சொன்னபோது பெருமையாகத் தலையாட்டினேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பூச்சு வேலையையாவது தள்ளி வைத்திருக்கலாமே. அதுகூடவா உங்கள் கௌரவத்துக்குக் குறைச்சல்?

நேற்று உங்கள் மகள் எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பா எனக்காகத்தான செஞ்சாக," என்றாள்.

ஆமாம் என்றேன்.

"நீங்க சொன்னா, மருமகன் பழி தீத்துக்கிட்டான்னு பேசுவாக. நான் வாரேன். லாரி எங்க வீட்டு வாசல்ல நின்னத நானே சொல்லுதேன்."

நாளைக் காலை அவள் சொல்வாள். நான் பக்கத்தில் நிற்பேன். அவள் குரல் உடைந்தால் மிச்சத்தை நான் சொல்வேன். சூசைக்கு வேலை திரும்பக் கிடைக்கும்வரை விடமாட்டோம். அதன்பிறகு உங்களுக்காக அழ முடிகிறதா என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நீங்களே தேடிப் பிடித்த மருமகன்