பாய் கடையில் பாதியில் நின்ற நாடகம்

என் தங்க நைனாவுக்கு,

நீ பாதியில் விட்டுப்போன நாடகம் நேற்று சாயங்காலம் முடிந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

நாற்காலி யாருக்குக் கிடைத்தது என்று முதலில் சொல்லித் தொலை என்பாய். கொஞ்சம் பொறு.

அந்தப் பழைய சிரிப்பு நாடகத்தைக் கேபிளில் மறுபடியும் போடுகிறார்கள். மாமனாரும் வீட்டோடு மாப்பிள்ளையும் ஓயாமல் அடித்துக்கொள்வார்களே, அதுதான். கரண்டி, துடைப்பம், முறம், கைக்கு எது கிடைத்தாலும் பறக்கும். கடைசியில் மாமியார் ஒரு வாளித் தண்ணீரை இரண்டு பேர் தலையிலும் கொட்டுவாள், பாட்டு வரும். வாளியைத் தூக்குவதற்கு முன் அந்த அம்மா புடவையை இடுப்பில் செருகுகிற அழகை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. மாமனாரோ அடி வாங்கியதும் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, மாட்டி, அப்புறம்தான் "ஐயோ" என்பார். அந்தத் தாமதத்துக்காகவே நீ பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரிப்பாய். அங்கே அடிபட்டவன் அடுத்த வாரம் எழுந்து வந்துவிடுவான். நம் ஊரில் யார் அப்படி எழுந்து வந்தார்கள்?

உருக்காலைக்கு வரும் பழைய இரும்பு லாரியை யார் இறக்குவது என்று உன் செட்டும் காசியின் செட்டும் வெட்டிக்கொண்ட காலத்தில்தான் அந்த நாடகம் முதல் முறை ஓடியது. இரும்பை இழுக்கும் கொக்கியால்தான் ஆளையும் இழுப்பீர்கள். உன் தோளில் சதை போனது, காசிக்குக் காது பாதி போனது. ரத்தச் சட்டையோடு நீ சாப்பிட உட்கார்ந்தால் அம்மா ஒன்றும் கேட்காமல் சோறு போடுவாள். கேட்டால் தட்டு பறக்கும்.

லாரிகள் நிற்கிற இடத்தில் டிவி இருந்தது பாயின் டீக்கடையில் மட்டும்தான். பழவேற்காட்டுக்காரர் பாய் உங்கள் யாருக்கும் பயந்தவர் இல்லை. "நாடகம் முடியற வரைக்கும் அல்லாரும் கொக்கிய வெளிய ஆணில மாட்டுங்க. பாட்டு முடிஞ்சதும் ரோட்டுக்குப் போய் வெட்டிக்கினு சாவுங்க" என்று ஒரே போடாகப் போட்டார். கொக்கிகள் வாசல் சுவரில் தொங்கின. உள்ளே நீயும் காசியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே இடத்தில் சிரித்தீர்கள். அந்தக் கட்டுப்பாட்டை ஒருவரும் மீறியதில்லை.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் பேசி வைக்கவில்லை, நைனா.

அன்றைக்கு ஒரு சாய்வு நாற்காலிக்காக மாமனாரும் மாப்பிள்ளையும் கட்டிப் புரண்டார்கள். "இன்னிக்கு நாற்காலி மாமனாருக்குத்தான்டா, பாத்துக்கினே இரு" என்று காசியிடமே நீ சொன்னாயாம். அப்போது கரண்ட் போனது. மறுபடி வரும், மிச்சத்தைப் பார்க்கலாம் என்று நீ உட்கார்ந்திருந்தாய். டிவி அணைந்ததோடு நாடகமும் முடிந்தது என்று காசி வாசலுக்கு ஓடினான். பாய் மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்தபோது கொக்கி உன் கழுத்தில் இருந்தது. உன் கொக்கி ஆணியிலேயே தொங்கியது. உன் முகத்தில் சிரிப்பு மிச்சம் இருந்ததா? பாயிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

நான் இப்போது அந்தக் கடையில்தான் டீ போட்டு, கிளாஸ் கழுவுகிறேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. நீ உட்கார்ந்த பெஞ்சை விட்டு என்னால் போக முடியவில்லை. தம்பி சேகர் நேற்று வரைக்கும் உன் கொக்கியை எடுத்துக்கொண்டுதான் லாரிக்குப் போனான். காலையில் எழுந்ததும் அதைத்தான் தீட்டுவான். "ஜெயில்லேர்ந்து காசி வரட்டும்க்கா" என்பான், வேறு பேச்சு கிடையாது. சேகர் பெண்டாட்டிக்கு இது நிறைமாதம். எனக்கும் காசி சாக வேண்டும் நைனா, நாய் மாதிரி சாக வேண்டும். ஆனால் பிறக்கப் போகும் குழந்தை கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அப்பனைப் பார்க்கக் கூடாது.

நேற்று அந்த நாற்காலிக் கதை ஓடிக்கொண்டிருந்தது. ஜெயிலிலிருந்து விடுதலையாகி வந்த காசி வாசலில் நின்றான். கொக்கியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தான். சேகர் எழுந்தான்.

"உக்கார்றா. நாடகம் ஓடிக்கினு கீது" என்றார் பாய்.

சேகர் உட்கார்ந்தான். அவன் பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சனியன், மறுபடியும் கரண்ட் போனது.

சேகர் வாசலுக்குப் பாய்ந்தான். ஆணியில் இரும்பு உரசியது. "நாடகம் முடியலடா!" என்று கத்தினேன். அவன் காதில் ஏறவில்லை.

காசி ஓடவில்லை. "வெட்டு. ஆனா அந்த நாற்காலி யாருக்குன்னு பாத்துட்டு சாவுறேன்டா. ஜெயில்ல கண்ண மூடினா அதான் வருது" என்றான்.

அதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ வெடித்தது. என் அப்பனைக் கொன்றவனுக்கு என் அப்பன் பார்க்காத முடிவு வேண்டுமாம்! கிளாஸ் கழுவுகிற வாளியைத் தூக்கினேன். சேகர் கை ஓங்கிய நேரத்தில் இரண்டு பேர் மேலும் எச்சில் தண்ணீரை வீசி அடித்தேன்.

கரண்ட் வந்தது. இருவரும் சொட்டச் சொட்ட நின்றார்கள். டிவியிலும் இரண்டு பேர் சொட்டச் சொட்ட நின்றார்கள். சேகர் முகத்தைத் துடைத்தான், கையிலிருந்த கொக்கியைப் பார்த்தான், அப்புறம்தான் "அய்யோ நைனா" என்று தரையில் விழுந்து அழுதான். பாட்டு முடிந்ததும் காசி கொக்கியைத் தொடாமல் ரோட்டில் இறங்கிப் போனான். நான் அவனை மன்னிக்கவில்லை. எதிரில் வந்தால் காறித் துப்புவேன்.

இரண்டு கொக்கிகளையும் நானே இரும்பு லாரியில் வீசினேன். இந்நேரம் உலையில் உருகியிருக்கும்.

இனிமேல் கரண்ட் போனாலும் நாடகம் முடியவில்லை என்றுதான் கணக்கு. உன் பேரப்பிள்ளை பாட்டு வரைக்கும் உட்கார்ந்து சிரிக்கும் வரை என் பக்கத்தில் வாளி நிரம்பியே இருக்கும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நாற்காலி மாமனாருக்குக் கிடைக்கவில்லை, நைனா. மாப்பிள்ளைக்கும் இல்லை. காலி வாளியை மடியில் வைத்துக்கொண்டு மாமியார் அதில் உட்கார்ந்திருந்தாள்.

பெஞ்சில் உன் இடத்தில் உட்கார்ந்து இதை எழுதும்,
உன் மூத்த மகள் செல்வி