சீனாக்காரன் சொன்ன ‘போறேன்’

தனுவச்சபுரம்,
18-8-1996

அன்புள்ள தம்பி பொன்னுதாஸுக்கு,

உன் பாலராமபுரம் கடையில் நீயும் எலியா மச்சானும் தனியாக இருந்தபோது பேசியது நம் தங்கை செல்லபாய்க்கு எப்படித் தெரிந்தது? நான் சொல்லவில்லை. நீயும் சொல்லியிருக்க மாட்டாய். மூன்று நாளாக யோசிக்கிறேன்.

மற்றபடி சுகம். என் ரத்த அழுத்தத்துக்குக் காரக்கோணம் ஆஸ்பத்திரியில் காட்டினேன். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கிணற்றடிப் பலா மழையில் சாய்ந்துவிட்டது. மஸ்கட்டில் வெயில் கடுமை என்று எழுதியிருந்தாய். மோர் நிறையக் குடி.

பிஜு நம் வீட்டுக்கும் கேபிள் இழுத்துத் தந்திருக்கிறான். அதில் எங்கிருந்தோ ஒரு சீனச் சேனல் வருகிறது. திங்களும் வியாழனும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தொடர். கீழே ஆங்கில எழுத்துகூடக் கிடையாது. பட்டு வியாபாரம் செய்யும் இரண்டு மச்சினன்மார். ஒருவன் பிரிந்து போய் எதிரிலேயே கடை திறக்கிறான். நடுவில் நிற்கிறவள் ஒருவனுக்கு மனைவி, மற்றவனுக்குத் தங்கை. இந்த உறவுமுறை செல்லபாய் வைத்தது. உண்மையில் அவர்கள் யாரோ, எவரோ. ஒவ்வொருவரும் வாயைத் திறக்கும்போது அவள் நம் பேச்சில் சொல்லிக்கொண்டே வருவாள். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா அதைக் கேட்கவே வருகிறாள்.

முதலில் எனக்கும் சந்தோஷம்தான். எலியா இறந்து அவள் என்னோடு வந்து இருக்கும் இந்த இரண்டு வருடத்தில் அவள் இவ்வளவு பேசியதில்லை. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீயும் எலியாவும் கடை பிரிந்த விஷயத்தில் அவள் உன் பக்கம் பேசியதால், அவர் இறப்பதற்கு முந்தின நாள் வீட்டில் சண்டை. மறுநாள் காலை எலியா படியிறங்கும்போது ‘வாறேன்’ என்று சொல்லவில்லை, ‘போறேன்’ என்றாராம். நம்மில் யார் வாசலில் நின்று அந்தச் சொல்லைச் சொல்வார்கள்? மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தன்னை வேண்டாம் என்று வைத்துவிட்டுத்தான் போனார் என்று அவள் நம்புகிறாள். கோவிலுக்கும் வருவதில்லை, சாப்பாடும் ஒரு நேரந்தான்.

தொடரில் புருஷன்காரன் ஒருநாள் வீட்டை விட்டு இறங்கினான். “சீனாக்காரனும் நம்மள மாதிரி வாறேன்னுதான் சொல்லுவானாக்கும்?” என்று கிருஷ்ணம்மா கேலி செய்தாள். செல்லபாய் திரும்பாமலே, “சொல்லேல்ல. போறேன்னாக்கும் சொன்னான்” என்றாள். அதற்குப் பிறகு கிருஷ்ணம்மா சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை சுதந்திர தின விடுமுறை, நானும் பார்த்தேன். அந்தப் புருஷன்காரன் கையில் ஒரு பொதியோடு எதிர்க்கடைக்குப் போகிறான். செல்லபாய் சொன்னாள்: “மக்கா, போர்டுல உனக்க பேரே இருக்கட்டு. எனக்கு அவ சிரிச்சா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்.” மற்றவன் தலைநிமிராமல் துணியை அளந்துகொண்டிருந்தான். “நேரமில்ல. நாளைக்கு வா” என்று அவனுக்கும் அவளே சொன்னாள். வந்தவன் வாசலிலேயே நிற்க, அன்றைய பகுதி முடிந்தது.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, எலியா இறந்த அன்று உங்களுக்குள் நடந்த பேச்சென்று நீ சொன்ன அதே சொற்கள்.

‘நாளைக்கு வா’ எல்லாக் கடைக்காரர்களும் சொல்வதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ‘அவ சிரிச்சா மதி’ என்பதற்கு அப்படி ஒரு காரணம் கிடைக்கவில்லை. முப்பது வருடம் கணிதம் படித்தும் கற்பித்தும் வந்தவள் நான். பேய் பிசாசை நம்புகிறவள் அல்ல. ஆனாலும் டி.வி. அணைந்து கிடக்கும்போது அந்த அறையைக் கடக்க இப்போது விளக்கைப் போட்டுக்கொள்கிறேன்.

அன்று கிருஷ்ணம்மா போன பிறகு செல்லபாய் என்னிடம், “அக்கா, இது கதையாக்கும், இல்லியா?” என்று கேட்டாள். கதைதான் என்றேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உனக்குக் கொடுத்த வாக்குக்காகச் சொன்ன பொய் அது.

தம்பி, அடுத்த நாள் ஒன்று உண்டு என்று நம்பித்தான் நீ அப்படிச் சொன்னாய். அதை நான் குற்றமென்று சொல்லமாட்டேன். ஆனால் எலியா அன்று அவளை விட்டுப் போகவில்லை. அவளுக்காக உன்னிடம் வந்தார். அதைச் சொல்ல உயிரோடு இருப்பவன் நீ ஒருவன்தான். அவளுக்கு எழுது. என்னை எழுத வைக்காதே. ஜெபம் செய்யும் பழக்கம் எனக்குக் குறைவு. இருந்தாலும் உனக்கு மனத்தைரியம் கிடைக்கவேண்டும் என்று இன்று கேட்டுக்கொண்டேன்.

அன்புடன்,
அக்கா சத்தியபாய்

19-8, திங்கள். இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. இன்று அரைநாள் விடுப்பெடுத்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு வெறும் புள்ளிகள்தான் வந்தன. பிஜுவைக் கூப்பிட்டுக் கேட்டோம். டிஷ்ஷைத் திருப்பியாயிற்று, இனி அந்தச் சேனல் வராது, மலையாளப் படம் வரும் என்றான். “அப்ப மத்தவன் என்ன செய்தான்னு தெரிய, சீனாவுக்குக் காயிதம் போடணும்” என்றாள் கிருஷ்ணம்மா.

செல்லபாய் எழுந்து உள்ளே போனாள். உன் மஸ்கட் முகவரி உள்ள பழைய உறையை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள்.