இரண்டு பேப்பரிலும் ஒரே மாதிரி வந்த ஒரே செய்தி

என் செய்தியை எனக்கு முன்னால் படித்து, டீ ஆறுவதற்குள் நாலு பிழை கண்டுபிடித்துவிடும் என் மாமாவுக்கு,

நீங்கள் போய் நாற்பத்தைந்து நாளாகிறது. அக்கா பரவாயில்லை. காலையில் இரண்டு பேப்பரும் இன்னும் வீட்டுக்கு வருகின்றன. நிறுத்திவிடவா என்று கேட்டேன், முறைத்தாள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே டீக்கடையில், பழக்க தோஷத்தில் சர்க்கரை கம்மியாக ஒன்று, ஜாஸ்தியாக ஒன்று என்று சொல்லிவிட்டு இரண்டையும் நானே குடித்துக்கொண்டிருக்கிறேன்.

இதை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என் அக்கா விஜயாவின் கணவர். ஆளுங்கட்சிக்கு வேண்டிய நாளிதழுக்கு நீங்கள் திருவண்ணாமலை நிருபர், எதிர்க்கட்சிக்கு வேண்டிய நாளிதழுக்கு நான். இருவருக்கும் ஒரே மொபெட். மேடையில் கட்சிக்காரர்கள் அடித்துக்கொள்ளும்போது கீழே நாம் ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கிக் குறிப்பெடுப்போம்.

அந்த மூட்டுவலிக் காய்ச்சல் வந்த வருஷத்தை எப்படி மறப்பது? அடி அண்ணாமலையில் தெருவுக்குப் பத்துப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டர் அம்மாவை நாம் இரண்டு பேரும் சேர்ந்தே போய்ப் பார்த்தோம். அவர் நிதானமாகச் சொன்னார்: "பயமுறுத்தவும் வேணாம், மறைக்கவும் வேணாம். இது வீட்ல பிடிச்சு வைக்கிற நல்ல தண்ணியில வளர்ற கொசு. டிரம்மு, தொட்டி எல்லாத்தையும் மூடி வைக்கச் சொல்லுங்க. அந்த ஒண்ணைப் போட்டீங்கனா போதும்."

அந்த ஒன்றை மட்டும் இரண்டு பேப்பரும் போடவில்லை. கொசு ஜனங்களுடைய டிரம்மில்தான் வளர்கிறது என்றால் இதில் அரசாங்கத்தின் தப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டு, ஆபீஸில் செய்தியைத் திருத்தும் என் டெஸ்க் வெட்டியது. காய்ச்சலே இல்லாதபோது எதற்காக மூட வேண்டும் என்று கேட்டு உங்கள் டெஸ்க் வெட்டியது. மறுநாள் உங்கள் பேப்பரில் 'மர்மக் காய்ச்சல் வெறும் வதந்தி: அரசு டாக்டர் விளக்கம்'. என் பேப்பரில் 'மாவட்டமே படுத்த படுக்கை: அரசு டாக்டர் அதிர்ச்சித் தகவல்'. இரண்டிலும் அதே டாக்டர்.

வதந்தி என்று எழுதிய நான்காம் நாள் உங்களுக்கே காய்ச்சல் வந்தது.

என் டெஸ்க்குக்குப் படம் வேண்டியிருந்தது. உங்களை ஆட்டோவிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்குள் தூக்கிப் போகும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்த வலியிலும் நீங்கள் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு, "சீக்கிரம் எடு. எங்க ஆளுங்க மோதிரத்தைப் பார்த்தாலே கண்டுபிடிச்சுடுவாங்க, கையை மறைச்சுட்டு எடு" என்றீர்கள். என் பேப்பரில் மூன்று பத்தி அகலத்துக்கு வந்தது அந்தப் படம். உங்கள் டெஸ்க் கொதித்துப்போய் உடனே ஒரு மறுப்பு அனுப்பச் சொன்னது. அனுப்ப வேண்டியவர் நீங்கள்தான். உங்களுக்கோ விரல் மடங்கவில்லை. அதனால் நீங்கள் வீடு திரும்பிக் கட்டிலில் படுத்தபடி சொல்லச் சொல்ல, என் பேப்பரைக் கண்டிக்கும் செய்தியை நானே என் கையெழுத்தில் எழுதினேன்.

"படத்தில் இருப்பவர் பூரண உடல்நலத்துடன் இருப்பதாக விசாரணையில் தெரியவந்துள்ளது" என்றீர்கள். சொல்லிவிட்டு, திரும்பிப் படுக்க முடியவில்லை, கொஞ்சம் பிடி என்று என்னைக் கூப்பிட்டீர்கள். கஞ்சியோடு வந்த அக்கா நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கஞ்சியை வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வை உங்களை என்னவோ செய்தது, இல்லையா மாமா?

மறுநாள் டாக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் இரண்டு பேப்பரையும் விரித்து வைத்திருந்தார். "என் பேரு ரெண்டுலயும் இருக்கு. நான் சொன்னது எதுலயும் இல்லை" என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குரலில் கோபமே இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். நாம் அனுப்பும் செய்தியில் டெஸ்க் கை வைக்காமல் போடுவது எது என்று கேட்டீர்கள். நீங்களே பதிலையும் சொன்னீர்கள்: பௌர்ணமி கிரிவலம் போக உகந்த நேரம். அதை எந்தக் கட்சியும் வெட்டாது.

அன்று இரண்டு டெஸ்க்குக்கும் ஒரே வாசகம் போனது. தொடங்கும் நேரம், முடியும் நேரம், அதன் கீழே ஒரு வரி: 'கிரிவலம் புறப்படுமுன் வீட்டிலுள்ள தொட்டி, டிரம், குடம் அனைத்தையும் மூடிவிட்டுப் புறப்படுவது நலம் பயக்கும்.' இது ஜனங்களை ஏமாற்றுவது ஆகாதா என்று கேட்டேன். "எங்க ஏமாத்தறோம்? நலம்தானே பயக்கும்" என்றீர்கள். நாம் நிருபரான நாள் முதல் இரண்டு பேப்பரிலும் எழுத்து மாறாமல் வந்த செய்தி அது ஒன்றுதான்.

அடி அண்ணாமலையில் டிரம்முக்கெல்லாம் மூடி வந்துவிட்டது. சில வீடுகளில் மூடிமேல் மஞ்சள் குங்குமம். மூன்று வீட்டில் கற்பூரம் காட்டியதை நானே பார்த்தேன். கோயில் குருக்கள் ஒருவரிடம் பெண்கள் போய் விளக்கம் கேட்க, சாஸ்திரத்தில் பார்த்த ஞாபகம் இல்லை, ஆனால் மூடினால் ஒன்றும் கெட்டுப்போகாது என்றாராம்.

நாம் எதிர்பார்க்காதது இளங்கோவை. பஸ் ஸ்டாண்ட் அருகே ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு பகுத்தறிவு மாத இதழும் நடத்துகிறவர். 'குடத்தை மூடினால் புண்ணியமா?' என்று நோட்டீஸ் அடித்துவிட்டார். இந்தப் புது மூடநம்பிக்கையை எதிர்த்து, தோழர்கள் தங்கள் வீட்டுக் குடங்களைத் திறந்தே வைக்க வேண்டும் என்று கடைசியில் வேண்டுகோள். நோட்டீஸைப் படித்ததும், நிற்க முடியாத நீங்கள் எழுந்து நின்றீர்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் கடைக்கு வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டீர்கள். இளங்கோ கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுவிட்டு, "காரணம் சரிங்க. வழி தப்பு" என்றார். அவர் சொன்னது சரிதான், மாமா. அன்றே மிச்ச நோட்டீஸை நிறுத்திவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த தண்ணீர் டிரம்மின்மேல் ஜெராக்ஸ் பேப்பர் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டார்.

காய்ச்சல் குறைந்தது. அதனால்தான் குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர் அம்மா. ஆனால் சிரித்தார்.

இனி உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன். நீங்கள் போன அன்று சாயங்காலம் இரண்டு டெஸ்க்கும் எனக்கே போன் செய்தன. ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தாரா, இல்லை என்றால் முதல் பக்கத்தில் போடலாம் என்றார் என் ஆள். ஆஸ்பத்திரிப் பேச்சே வேண்டாம், வீட்டில் அமைதியாகக் காலமானார் என்று போட்டுவிடலாம் என்றார் உங்கள் ஆள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா போனை வாங்கினாள்.

"டாக்டர் இருந்தாரு. நல்லாத்தான் பார்த்தாரு. மூணு நாளா நெஞ்சு வலிக்குதுனு இவர்தான் யார்கிட்டயும் சொல்லல. வாயுனு சொல்லி சோடா குடிச்சுட்டு சுத்தினாரு. போடறதுனா அதைப் போடுங்க."

ஒருவரும் போடவில்லை. பெயர், வயது, மாரடைப்பு என்று மூன்று வரி வந்தது. என் பேப்பர் உங்களுக்கு நாலு வயது குறைத்துவிட்டது. அக்கா அதைத்தான் கத்தரித்து வைத்திருக்கிறாள்.

போன வாரம் அவளிடம் கேட்டேன், அந்த மூன்று நாளை நான் எழுதட்டுமா என்று. "எழுது. அவர் பேரைப் போட்டே எழுது. சோடாவை விட்டுடாத" என்றாள்.

எழுதுகிறேன், மாமா. எந்த வலியை வாயு என்று விட்டுவிடக் கூடாது என்று டாக்டர் சொன்னது முதல் வரியில் இருக்கும். வெட்டினால் மறுபடி அனுப்புவேன், அதையும் வெட்டினால் அதற்கும் மறுபடி. இந்தத் தடவை நேர் வழியிலேயே போய்ப் பார்க்கிறேன்.

உங்கள் பெண்டாட்டியின் தம்பி,
உங்கள் மச்சான்
சேகர்