முகம் சேரும் இடம்

செவ்வாய், இரவு

மாலையில் கே.கே. நகரிலிருந்து மகள் ஸ்டெல்லா போன் செய்தாள். ஐந்தாம் மாத ஸ்கேனில், வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு மேலுதடு பிளந்திருப்பது தெரிந்ததாம். "ஏன்ப்பா என் புள்ளைக்கு மட்டும் இப்படி?" என்று அழுதாள்.

ஏன் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் இருந்த உயிரியல் வாத்தியார் எழுந்துவிட்டார். முகத்தைக் கட்டும் செல்கள் கருவின் முதுகுப் பக்கமிருந்து நகர்ந்து வந்து நடுவில் சேர வேண்டும், சேராத இடம்தான் பிளவு என்றேன். அவற்றை நடத்தும் ஜீன்களில் பல, முகமே இல்லாத ஒரு சின்னக் கடல் பிராணியிடமும் உண்டு. உன் அம்மா இட்லிப் பானையில் கேக் செய்தாளே, அதுபோலப் பழைய ஜீன்களுக்குப் புது வேலை என்றேன்.

"அப்பா, நான் என்ன உங்க ப்ளஸ் டூ பொண்ணா? கிளாஸ் எடுக்குறீங்க!" என்று வைத்துவிட்டாள்.

தைத்துச் சரிசெய்துவிடலாம் என்பதைக்கூட நான் சொல்லவில்லை. அவள் அம்மா இருந்திருந்தால் "அழாதடி, இதோ வரேன்" என்று எங்கள் வீட்டுப் பக்கத்து லஸ் கார்னரில் ஆட்டோ பிடித்திருப்பாள்.

"நாளைக்கு வரட்டுமா?" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். படித்துவிட்டாள், பதில் இல்லை. காலையில் எப்படியும் போகத்தான் போகிறேன். கதவைத் திறந்தாள் என்றால், ஒன்றும் பேசாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.